தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை

தமிழக ஆயர்களுக்கும், துறவற சபைகளின் மாநிலத் தலைவர்களுக்கும், பள்ளித் தாளாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பேரன்புக்குரியவர்களே,

மரியே வாழ்க.

தென் மாவட்டம் ஒன்றில், கத்தோலிக்க நிர்வாகம் நடத்தும் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் இருபத்துமூன்று ஆண்டுகளாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். மடலின் கீழே பெயர் போடவில்லை. மொட்டைக் கடுதாசி என்று குப்பைக்கூடையில் போட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பெயர் போடாததற்கான காரணம்தான் நான் சொல்ல வந்ததே. அதுவரை பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஆசிரியர் அறைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் இல்லை. கதவைச் சாத்தி வைக்கக்கூடாது என்பது எனக்கு முன்பே இருந்த உத்தரவு. நூலகத்தில் எந்நேரமும் பிள்ளைகள் இருப்பார்கள். சிற்றாலயம் திறந்தே கிடக்கும், அங்கே உட்கார்ந்து அழுதால் யாராவது ஒரு சகோதரி வந்து தோளைத் தொட்டு, "என்ன டீச்சர்?" என்று அன்பாகவே கேட்பார். சொன்னால் மதியச் சாப்பாட்டுக்கு முன் அது தலைமையாசிரியைக்குப் போய்விடும். ஆகவே அழ வேண்டியவர்கள் ஆசிரியைகளுக்கான கழிவறைக்குப் போகிறார்கள். பள்ளியில் உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை அதுதான். ஒரே கல்வியாண்டில் நான்கு பேர் அங்கே போய் முகம் கழுவிக்கொண்டு நேராக வகுப்புக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாவது ஆள் நான்.

ஒரு நவம்பர் மாதம், பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் நடத்திக்கொண்டிருந்தேன். கையில் சுண்ணக்கட்டி. திடீரென்று நெஞ்சு அடைத்தது, உள்ளங்கை வியர்த்தது, கரும்பலகையில் நானே எழுதியது எனக்குப் புரியவில்லை. மாரடைப்பு என்றே நினைத்தேன். மருத்துவமனையில் இதயத்துக்கு எடுத்த படங்கள் எல்லாம் சரியாக இருந்தன. இளம் மருத்துவர் ஒருவர், "அம்மா, எத்தனை நாளாகச் சரியாகத் தூங்கவில்லை?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவர்தான் மனநலப் பிரிவுக்கு எழுதிக்கொடுத்தார். ஏழு மாதங்கள் மாத்திரை சாப்பிட்டேன், தேறினேன்.

விடுப்புக் கடிதத்தில் "வைரஸ் காய்ச்சல்" என்று எழுதினேன். வாரம் இரண்டு பாடவேளை நன்னெறி நடத்துகிறவள் நான். பொய் சொல்லாதே என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொடுத்துவிட்டு, பணிப்பதிவேட்டுக்குப் பொய்யைக் கொடுத்தேன். எப்படியோ விஷயம் தெரிந்துபோய், அப்போதைய தாளாளர் என்னை அழைத்துப் பேசினார். கெட்ட மனிதர் அல்லர். உண்மையான அக்கறையோடுதான், "வீட்டில் குடும்ப செபமாலை சொல்கிறீர்களா?" என்று கேட்டார். சொல்கிறோம், ஃபாதர், இன்றும் சொல்கிறோம். சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது.

எங்கள் தவறையும் சொல்லியாக வேண்டும். எனக்கு முன்பு இன்னொரு ஆசிரியை இதே நிலையில் இருந்தார். பேச்சு பாதியில் நின்றுபோகும், திருத்திய தாள்களையே மறுபடி திருத்துவார். "அந்த அம்மாவுக்கு மறை கழன்றுவிட்டது" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். மறைக்கல்வி ஆசிரியைகள் நான்கு பேர் அப்போது அங்கே இருந்தோம்.

இனி நான் சொல்ல வந்தது. மற்றத் தனியார் பள்ளி ஆசிரியருக்கு முதலாளி முதலாளி மட்டும்தான். மாலை வாயிலைத் தாண்டினால் தீர்ந்தது. எங்களுக்கு அப்படி இல்லை. பல ஊர்களில் தாளாளரே பங்குத்தந்தை, அதாவது ஊர்க் கோயிலின் பொறுப்புக் குரு. என் சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுபவரிடம்தான் என் பாவங்களை அறிக்கையிட வேண்டும். என் மகளின் திருமண ஓலையை வாசிப்பவர் அவர். என் மாமியாரின் அடக்கத் திருப்பலியை நிறைவேற்றியவரும் அவரே. எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பும் அதிகாரமும் அவருடையது. ஒரே மனிதரிடம் இத்தனை சாவிகள் இருக்கும்போது, அவருக்குத் தெரியாமல் திறக்கக்கூடிய கதவு எங்களுக்கு எது? சகோதரிகள் நடத்தும் பள்ளியிலும் இதே கதைதான். ஆறுதல் சொல்லும் சகோதரியும் தலைமையாசிரியையும் இரவு ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். மடத்தின் உணவறையில் பேச்சு வருவதைத் தவறு என்று நான் சொல்லவில்லை. மனிதர்கள் அப்படித்தான்.

இந்த ஆபத்தைத் திருச்சபை எப்போதோ கண்டுகொண்டது என்பதுதான் எனக்கு வியப்பு. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்துப் பாருங்கள். துறவற இல்லத்தின் தலைவர் தம் அதிகாரத்துக்கு உட்பட்டவர்களின் பாவ அறிக்கையைக் கேட்கக்கூடாது, அவர்களாகவே விரும்பிக் கேட்டாலன்றி என்கிறது 630-ஆம் விதி. மனச்சான்றைத் திறந்து காட்டும்படி எந்த வகையிலும் தூண்டக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. குருமட மாணவர் ஒருவரைத் திருநிலைப்படுத்தலாமா, வெளியே அனுப்பலாமா என்று முடிவெடுக்கும்போது, அவருடைய ஆன்ம குருவிடமோ பாவ அறிக்கை கேட்டு ஒப்புரவு அருளும் குருவிடமோ கருத்துக் கேட்கவே கூடாது என்கிறது 240-ஆம் விதி. ஆள்பவர் வேறு, உள்ளத்தைக் கேட்பவர் வேறு. குருக்களாகிய உங்களையும் சகோதரிகளையும் காக்க இப்படி ஒரு சுவர் எழுப்பியிருக்கிறீர்கள். அந்தச் சுவரின் நிழல் எங்கள் ஆசிரியர் அறை வரை நீளவில்லை. அதை நீட்டுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

மனநலத்துக்காக இதுவரை எங்களுக்கு என்ன செய்யப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நன்றி மறந்தவள் என்ற பெயர் வேண்டாம். ஒரு சனிக்கிழமை, "மன அழுத்த மேலாண்மை" என்று நான்கு மணி நேரப் பயிற்சி. வந்தவர் ஆளுக்கொரு பலூன் கொடுத்து, உங்கள் கவலைகளை எல்லாம் இதற்குள் ஊதுங்கள் என்றார். ஊதினோம். வேதியியல் ஆசிரியரின் பலூன் வெடித்தது. அன்று முழுவதும் நாங்கள் மனதாரச் சிரித்தது அப்போது மட்டும்தான், அந்த வகையில் பயிற்சி வெற்றி. ஞாயிறு இரவுக்குள் அந்தப் பயிற்சியைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு பக்க அறிக்கை எழுதி, படத்தோடு பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் பதிவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஆண்டுக்கொரு தியானமும் உண்டு. தியானத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன், அதில் அழுது தெளிந்த நாட்கள் எனக்கு உண்டு. ஆனால் கடந்த தியானத்தில் போதகர், "சோர்வு என்பது விசுவாசக் குறைவின் அடையாளம்" என்றார். எனக்கு எலியாவின் நினைவு வந்தது. அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரம். கார்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றி பெற்ற மனிதர், மறு பக்கத்திலேயே பாலை நிலத்தில் சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்து, "ஆண்டவரே, போதும்" என்று சாவைக் கேட்கிறார். கடவுள் அவருக்கு மறையுரை ஆற்றவில்லை. விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. தூங்க விட்டார். வானதூதர் தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் காட்டிச் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார், மறுபடியும் தூங்க விட்டார்கள். இரண்டாம் முறை சாப்பிட்ட பிறகுதான் பயணப் பேச்சே வருகிறது. எங்கள் பள்ளியில் எலியா வேலை பார்த்திருந்தால், அந்தத் தூக்கத்துக்குத் தற்செயல் விடுப்பு மீதியிருக்கிறதா என்று பார்த்திருப்போம்.

உலக சுகாதாரப் பேரவை 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாடு, பணிச்சோர்வைத் தனியொரு நோயாகக் கூறவில்லை. பணியிடத்தில் நீண்டகாலமாக இருந்து, சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்கிறது. ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, செய்வது எதுவும் உருப்படவில்லை என்ற எண்ணம் என்று மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. பலூனில் ஊதிவிடக்கூடியதாக இதில் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பணியிடத்தில் பிறந்ததைப் பணியிடத்தில்தானே சரிசெய்ய வேண்டும்?

எங்கள் வாரத்தைப் பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பு, காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு. எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித்துறை இணையதளத்தில் பதிவேற்ற வேண்டியவை தனி. சனிக்கிழமை பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குத் தேர்வு. ஞாயிறு காலை திருப்பலிக்குப் பிறகு மறைக்கல்வி வகுப்பு. கத்தோலிக்க ஆசிரியர் என்றால் அதைக் கேட்டுப் பெற வேண்டியதில்லை, தானாக வந்து சேரும். பங்குத் திருவிழா வந்தால் நன்கொடைச் சீட்டுப் புத்தகம். இரவு பத்தே முக்காலுக்கு வாட்ஸ்அப் குழுவில், "நாளை காலை 9 மணிக்குள்" என்று ஒரு செய்தி. ஓய்வுநாளைத் தூயதாகக் கடைப்பிடி என்பது மூன்றாம் கட்டளை. என் வகுப்பில் அதை ஒப்பிக்காத பிள்ளைக்கு மதிப்பெண் குறைப்பேன். நான் கடைசியாக அதைக் கடைப்பிடித்தது கொரோனா ஊரடங்கின்போது.

எங்களோடு பணிபுரியும் இந்து, இசுலாமிய ஆசிரியர்களுக்கு ஞாயிறு மிச்சம். ஆனால் பங்குத்தந்தையின் முகம் பார்த்துப் பேசும் பழக்கமோ உரிமையோ அவர்களுக்கு இல்லை. எங்களுக்குக் கதவுகள் அதிகம் என்று அவர்களும், அவர்களுக்கு ஞாயிறு உண்டே என்று நாங்களும் பொறாமைப்படுகிறோம்.

மே மாதத் தேர்வு முடிவுக் கூட்டம் தனிக் கொடுமை. பாடவாரியாகத் தேர்ச்சி விழுக்காடு வாசிக்கப்படும், அந்தந்த ஆசிரியர் எழுந்து நிற்க வேண்டும். நூறு என்றால் கைத்தட்டல். தொண்ணூற்றெட்டு என்றால் அந்த இரண்டு விழுக்காட்டின் பெயரும் வீட்டு நிலவரமும் கேட்கப்படும். ஒரு முறை, தோற்ற பிள்ளையின் தாய் அந்த ஆண்டுதான் இறந்திருந்தார். அதைச் சொன்ன ஆசிரியருக்குக் கிடைத்த பதில், "காரணம் வேண்டாம், முடிவு வேண்டும்." எண்பது வயது வரை வாழ்ந்தாலும் அந்த ஆசிரியர் அந்த வாக்கியத்தை மறக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் அரசு ஊதியம் பெறுகிறவர்களின் பாடு. எங்கள் நடுவிலேயே அரசின் பணி ஒப்புதல் வராமல் நிர்வாகம் தரும் தொகையில் காலம் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆங்கில வழிச் சுயநிதிப் பிரிவில் இருக்கிறார்கள். அதே வகுப்பு, அதே பாடம், அதே திட்டு. சம்பளம் மட்டும் சொல்லக் கூசும் தொகை. ஒப்புதல் தாமதத்துக்கு நிர்வாகம் மட்டுமே காரணமில்லை என்பது எனக்குத் தெரியும். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஆசிரியர் தகுதித் தேர்வைப் பற்றித் தந்த தீர்ப்பு, பணியில் இருப்பவர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் தேற வேண்டும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு என்றது. சிறுபான்மைப் பள்ளிகளைப் பற்றிய கேள்வியைப் பெரிய அமர்வு முடிவுசெய்யட்டும் என்று அனுப்பியது. அன்று முதல் எங்கள் இடைநிலை ஆசிரியைகள் சிலர் நாற்பத்தைந்து வயதில் உளவியல் வினாத்தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். நமக்கு இது பொருந்துமா பொருந்தாதா என்று அவர்களை உட்காரவைத்து விளக்க ஒரு வழக்கறிஞரை ஒரு மணி நேரம் அழைத்திருக்கலாம். பலூன்காரருக்குக் கொடுத்ததைவிட அதிகம் ஆகியிருக்காது.

பணம் இல்லை என்பீர்கள். பல பள்ளிகளில் அது உண்மை. ஆனால் 1982-இல் கத்தோலிக்கக் கல்விக்கான வத்திக்கான் பேராயம் பள்ளிகளில் பணியாற்றும் பொதுநிலையினரை, அதாவது குருவோ துறவியோ அல்லாத கத்தோலிக்கரைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், அவர்களுக்குத் தெளிவான ஒப்பந்தத்தோடு போதிய ஊதியம் தரப்பட வேண்டும் என்று இருக்கிறது. அளவு மீறிய உழைப்போ, வயிற்றுப்பாட்டுக்காக இன்னொரு வேலையோ இல்லாமல் மாண்போடு வாழும் அளவுக்கு. சட்டத் தொகுப்பின் 231-ஆம் விதி ஊதியத்தோடு சமூகப் பாதுகாப்பையும் மருத்துவ உதவியையும் பொதுநிலையினரின் உரிமை என்றே சொல்கிறது. எங்கள் சுயநிதிப் பிரிவு ஆசிரியை ஒருவர் மாலையில் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். பணி நியமன ஆணை என்ற ஒரு தாளை அவர் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. அந்தத் தாளுக்கு என்ன செலவு ஆகும்?

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவி ஒருத்தி சாலை விபத்தில் இறந்தாள். பள்ளியே அடக்கத்துக்குப் போனது. மறுநாள் பிள்ளைகளுக்காக இரங்கல் செபம் நடந்தது, அவர்களோடு பேச ஆள் வந்தார்கள், நல்ல ஏற்பாடு. வகுப்பாசிரியையை யாரும் நினைக்கவில்லை. முதல் பாடவேளையில் வருகைப்பதிவேட்டைத் திறந்து, அந்தப் பெயரின் மேல் சிவப்பு மையால் கோடு போட வேண்டியவர் அவர். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டார், கை நடுங்கக்கூடாது என்பதற்காக. அடுத்த பெயரை வாசிக்க அவரால் முடியவில்லை. வகுப்புத் தலைவி வாங்கி வாசித்தாள். அதன்பின் அந்த ஆசிரியை எங்கே போனார் என்று உங்களுக்குத் தெரியும்.

சகோதரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களுக்கு மாலை நாலரைக்கு மேல் போக ஒரு வீடாவது இருக்கிறது. எங்கள் முந்தைய தலைமையாசிரியைச் சகோதரி பள்ளியையும் பார்த்து, விடுதிக் காப்பாளராகவும் இருந்து, மடத்தின் கணக்கையும் எழுதினார். இரவு பதினொன்றுக்கு விடுதிப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவர்தான் ஆட்டோ பிடிக்க வேண்டும். அந்தப் பத்தே முக்கால் மணிச் செய்தி அவருக்கு அப்போதுதான் மூச்சுவிட நேரம் கிடைத்ததால் வந்தது என்பதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். ஒரு மே மாதத்தில் மாற்றல் வந்து, மூன்று நாட்களில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். விடைபெறும்போது, "இங்கே எனக்குத் தூக்கம் வரவே இல்லை, டீச்சர்" என்றார். ஆறு ஆண்டுகள் ஒரே கட்டடத்தில் இருந்தோம். அவரும் சொல்ல வழியில்லாமல்தான் இருந்திருக்கிறார். விடுதலைப் பயண நூலில் காலை முதல் மாலை வரை தனி ஆளாக வழக்குத் தீர்த்த மோசேயைப் பார்த்து, நீர் இப்படியே போனால் சோர்ந்துபோவீர், மக்களும் சோர்ந்துபோவார்கள் என்று மாமனார் இத்திரோ சொன்னார். எங்கள் சகோதரிகளுக்கு மாமனார் இல்லை. மாநிலத் தலைவிகளே, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், நான் கணக்கு ஆசிரியை, மருத்துவர் அல்ல. ஆனால் இருபத்துமூன்று ஆண்டுகள் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சுவர். ஒவ்வொரு மறைமாவட்டமும் சபையும், தன் நிர்வாகத்தைச் சேராத, முறையாகப் பயின்ற உளவியல் ஆலோசகர்களை அமர்த்தட்டும். குருவோ சகோதரியோ வேண்டாம். பொதுநிலையினராக, முடிந்தால் பக்கத்து மறைமாவட்டத்துக்காரராக இருக்கட்டும். நம் கத்தோலிக்கக் கல்லூரிகள் பலவற்றில் சமூகப்பணித் துறையும் உளவியல் துறையும் இருக்கின்றன, ஆள் கிடைக்காமல் போகாது. சந்திப்பு பள்ளி வளாகத்துக்கு வெளியே நடக்கட்டும். யார் வந்தார்கள், எத்தனை முறை வந்தார்கள் என்ற பட்டியல் தாளாளருக்குப் போகக்கூடாது. "எங்கள் பணியாளர்களின் நலனுக்காகத்தானே கேட்கிறோம்" என்று ஒரு நாள் நீங்கள் கேட்பீர்கள். அப்போது 240-ஆம் விதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விடுப்பு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்கும் உடல்நோய்க்கும் இடையே சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்கிறது, நோயாளியின் விவரங்களை மறைவாகக் காக்கும் உரிமையையும் தருகிறது. மனநல மருத்துவரின் சான்றிதழைக் கொண்டுவரும் ஆசிரியையை மூட்டுவலிச் சான்றிதழ் கொண்டுவந்தவரைப் போலவே நடத்தும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். உங்கள் கையெழுத்தோடு அது வந்தால், பள்ளியில் நாங்கள் பத்து ஆண்டுகள் பேசி மாற்ற முடியாததை அது பத்து நாட்களில் மாற்றும். அரசின் டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது, தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். பள்ளி நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் புனிதரின் படத்துக்குக் கீழே அந்த எண்ணை அச்சிடுங்கள். பிள்ளைகளுக்கும் உதவும்.

மாலை ஏழுக்கு மேல் குழுவில் செய்தி வேண்டாம். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது மறைக்கல்வியிலிருந்து விடுதலை கொடுங்கள், பங்கில் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். தேர்வு முடிவைத் தனித்தனியே அழைத்துப் பேசுங்கள், எழுப்பி நிறுத்தாதீர்கள். இவை மூன்றுக்கும் ஒரு ரூபாய் செலவில்லை.

1844-இல் புதுச்சேரியில் லூயி சவினியன் துப்புயி அடிகளார், பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதற்காகவே நம் பெண்களைக் கொண்டு ஒரு சபை தொடங்கினார். பெண் படித்தால் குடும்பம் கெடும் என்று ஊர் பேசிய காலம். அப்படிப்பட்ட மரபில் வந்த பள்ளிகள் இவை. என் அம்மா இதே பள்ளியில் படித்தார், நான் படித்தேன், என் மகளும் படித்தாள். விட்டுவிட்டுப் போக விருப்பம் இருந்திருந்தால் இந்த மடலுக்குப் பதில் ஓய்வுக் கடிதம் எழுதியிருப்பேன்.

மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பங்கிலிருந்து திருமுழுக்குச் சான்றிதழும் தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டும். எனக்கு இன்னும் ஏழு ஆண்டுகள் பணி இருக்கிறது. பெயர் போடாத காரணம் இப்போது புரிந்திருக்கும். அந்தச் சான்றிதழை மறுக்கும் மனம் எங்கள் பங்குத்தந்தைக்குக் கிடையாது என்றே நம்புகிறேன். ஆனாலும் போடவில்லை.

ஜூனில் பள்ளி திறக்கும் முன் நீங்கள் ஆண்டுதோறும் தாளாளர்களைக் கூட்டிப் பேசுவீர்கள். அந்தக் கூட்டத்தின் பொருள் நிரலில் ஓர் அரை மணி நேரம் கேட்கிறேன். முடிந்தால் ஆசிரியர்கள் சிலரையும் அழைத்து உட்காரவையுங்கள்.

சென்ற வாரம் அந்தக் கழிவறைத் தாழ்ப்பாள் உடைந்துவிட்டது. பழுதுபார்ப்புப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.

இறைவேண்டலுடன்,
ஓர் ஆசிரியை